எண்ணிக்கை தப்பிவிட்டது

(மேசைமேல் ஒயின் ஊற்றிய இரண்டு கிளாஸ்கள். இடது கிளாஸ் வியர்த்திருக்கிறது. மைத்துனன் கையில் நோட்டும் பேனாவும். அத்தான் கையில் ஒன்றுமில்லை. அதுதான் அவருடைய குறை.)

அத்தான்: ஊற்றியாயிற்று. குடிக்கலாமா தம்பி?

மைத்துனன்: குடிப்பதா! முதலில் பார்க்கவேண்டும் அத்தான். கிளாஸுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். வைக்கோல் நிறம், லேசாகப் பச்சை. இளம் ஒயின். இப்போது சுழற்றுங்கள்.

அத்தான்: (சுழற்றுகிறார். சட்டையில் தெறிக்கிறது.) சட்டைக்கு முதல் வாய் கிடைத்துவிட்டது. கிளாஸ் உள்ளே கண்ணீர் கண்ணீராக வழிகிறதே, உயர்ந்த ஒயினோ?

மைத்துனன்: தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் வரும் வேடிக்கை.

அத்தான்: பாட்டிலில் ‘டிரை’ என்று போட்டிருக்கிறது. நாக்கு வறண்டுவிடுமோ?

மைத்துனன்: அது துவர்ப்பு செய்கிற வேலை, சிவப்பு ஒயின் திராட்சைத் தோலோடு ஊறுவதால் வருவது. டிரை என்றால் இனிப்பில்லை, அவ்வளவுதான். சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டது. ஐரோப்பியக் கணக்கில் லிட்டருக்கு 4 கிராம்வரை மிஞ்சலாம். புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 வரை விட்டுக்கொடுப்பார்கள்.

அத்தான்: புளிப்புக்குச் சலுகையா! சரி, ஆரம்பி.

மைத்துனன்: (இடது கிளாஸை முகர்ந்து) ம்ஹூம், மணமே இல்லை. (வாயில் வைத்து) எலுமிச்சைப் புளிப்பு, அதற்குப் பின்னால் வெறும் தண்ணீர். மலிவு என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது. நூற்றுக்கு 78. (துப்புகிறான்.)

அத்தான்: அடப்பாவி, துப்பவா வாங்கினேன்?

மைத்துனன்: நடுவர்கள் துப்பத்தான் வேண்டும். வரிசையாகப் பல ஒயின்களை விழுங்கினால் மதியத்துக்கு மேல் எல்லாவற்றுக்கும் 100 விழும்.

அத்தான்: உன் வரிசையில் இருப்பது இரண்டு.

மைத்துனன்: (வலது கிளாஸ்) ஆகா! பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ, ஈரக் கல்! தயங்காமல் 91. விழுங்கிய பிறகு சுவை எத்தனை வினாடி நிற்கிறதென்று எண்ணுங்கள் அத்தான், அதுதான் உரைகல்.

அத்தான்: (விழுங்கி) ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

மைத்துனன்: நிற்கிறதா?

அத்தான்: பேசிவிட்டாயே! எண்ணிக்கை தப்பிவிட்டது. ஊற்று, முதலிலிருந்து வருகிறேன்.

மைத்துனன்: (ஊற்றப்போய்) விலை கூடிய பாட்டில் எது? இங்கே ஒன்றுதானே இருக்கிறது?

அத்தான்: ஒன்றுதான். வலது கிளாஸை அரை மணி நேரம் முன்பே ஊற்றி வைத்தேன். பாட்டிலை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து, நீ வந்த பிறகு இடது கிளாஸில் ஊற்றினேன். இரண்டு ஒயின் என்று நான் சொல்லவே இல்லை.

மைத்துனன்: குளிர்! அது மணத்தை அமுக்கிப் புளிப்பை மட்டும் தூக்கிக் காட்டியிருக்கிறது. 10 டிகிரி பக்கம் வந்தால்தான் இந்த ஒயின் வாயே திறக்கும்.

அத்தான்: இடது கிளாஸ் வியர்த்து ஒழுகியதே, தெரியவில்லையா? பின்னால் தாள் வேறு பிடிக்கச் சொன்னாய்.

மைத்துனன்: இதில் அவமானம் ஒன்றுமில்லை. பிரான்ஸின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம், மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்துத் தள்ளினார்கள். 2001இல் வெளியான ஆய்வு.

அத்தான்: அவர்களை ஏமாற்றச் சாயம் வாங்கவேண்டியிருந்தது. உனக்கு ஃபிரிட்ஜே போதும். (விழுங்கி) நான்கு, ஐந்து, ஆறு...

மைத்துனன்: இரண்டையும் கூட்டி வகுத்து எண்பத்து நாலரை போடட்டுமா?

அத்தான்: தப்பிவிட்டது. ஊற்று.

மைத்துனன்: (கவிழ்க்கிறான். இரண்டு சொட்டு விழுகிறது.)

அத்தான்: ஐயோ, கண்ணாடித் தூள்!

மைத்துனன்: டார்டாரிக் அமிலத்தின் உப்பு அத்தான். குளிரில் படிகமாக அடியில் தங்கும், ஒன்றும் செய்யாது. பாட்டில் காலி. கடைசியில் எத்தனை வினாடி என்று எழுதட்டும்?

அத்தான்: ஆறைத் தாண்டவிட்டாயா நீ? போய் இன்னொரு பாட்டில் வாங்கி வா. வரும்போது அந்த நோட்டை உன் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.