காப்பிக்கடையையும் சேர்த்திருக்கலாம்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் மாலை நேரத்தில் பீர் அருந்த ஏற்ற இடங்களைப் பட்டியலிடும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அது கடைத்தொகுதி மதுக்கூடங்களோடு நின்றுவிட்டது குறையாகவே தோன்றுகிறது. அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழேயுள்ள காப்பிக்கடையில் 633 மில்லிலிட்டர் டைகர் பீர் போத்தலைப் பனிக்கட்டியுடன் வாங்கி, பக்கத்துக் கடைப் பொரியலோடு நண்பர்கள் பகிர்ந்துகொண்டால் செலவு கணிசமாகக் குறையும்; இசைக்கு மேலாகக் கத்திப் பேசவும் வேண்டியதில்லை. ஆனால், 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தத் தடை இருப்பதால், மிச்சத்தை அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்துக்கு எடுத்துச்செல்ல நினைப்பவர்கள் உரிமம் பெற்ற கடை மேசையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. லிட்டில் இந்தியா, கேலாங் வட்டாரங்களில் வார இறுதிக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. சனி, ஞாயிறுகளில் மாலை 7 மணிக்குப் பிறகு அங்கே எடுத்துச்செல்ல மது விற்கமாட்டார்கள்.