நாலு பேர் இருந்தாலே அப்ரண்டிஸ் எடுக்கலாம்

30 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகள் மட்டுமே அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) எடுக்க முடியும், டெல்டா அரிசி ஆலைகளுக்கு அந்த வழி கிடையாது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள். 30 என்ற எண் சரிதான். ஆனால் அது கட்டாயத்துக்கான எல்லை: 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை என்றால் நம் விருப்பம். ஒப்பந்த ஆட்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கும்பகோணம் பக்கம் நான் கணக்குப் பார்க்கும் ஆலையில் பாய்லர், நெல் அவிப்பு, அரவை எல்லாம் சேர்த்துப் பதினோரு பேர். காயும் நெல்லில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லும் மேஸ்திரிக்கு அறுபது தாண்டிவிட்டது. அவரிடம் தொழில் பழக ஒரு பையனை முறையாகச் சேர்க்க இந்த எண்ணிக்கை தடையே இல்லை.

சந்தேகம் இருந்தால் தொழிற்பழகுநர் விதிகள் 1992-ஐ, 2019 செப்டம்பர் திருத்தத்தோடு சேர்த்துப் படியுங்கள். அதற்கு முன் கட்டாயத்துக்கு 40, விருப்பத்துக்கு 6 என்று இருந்தது, அதனால் பழைய பிடிஎஃப் வேண்டாம். அப்புறம், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நேரில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.