மாஸ்டர் ஆபீசில் தாலி செல்லாது

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில், கணவர் இறந்த ஒரு அம்மாவிடம் சொத்து விஷயத்துக்கு லாயர் கல்யாண சர்ட்டிபிகேட் கேட்டாரே, அந்த விஷயம்தான். வாய்ஸ் நோட் எல்லா குரூப்பிலும் சுத்தியாச்சு. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவகிட்ட கல்யாண சர்ட்டிபிகேட் கேட்கிறாளே, இவளெல்லாம் ஒரு லாயரா?" கீழே வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. எழுதியவர்களில் பாதிப்பேர் தினம் கோவிலுக்குப் போகிறவர்கள்.

அந்த லாயர் கேட்டது சரி. கேட்காமல் விட்டிருந்தால்தான் தப்பு.

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், இறந்தவர் சொத்துப் பங்கீட்டை மேற்பார்வை செய்யும் மாஸ்டர் ஆபீசுக்கு ஜே294 மரண அறிவிப்பு, ஜே243 சொத்துப் பட்டியல், ஜே192 நெருங்கிய உறவினர் அபிடவிட் எல்லாம் போக வேண்டும். மனைவி யார், கல்யாணம் எந்த முறையில் என்ற கேள்விக்கு "ஊருக்கே தெரியும்" என்று எழுதிக் கொடுக்க முடியாது.

"2008-லேயே டர்பன் ஹைகோர்ட் இந்துக் கல்யாணத்தை ஏத்துக்கிட்டதே" என்று உடனே வருவார்கள். ஏற்றுக்கொண்டது, வாரிசுரிமைக்கு மட்டும். பதிவு செய்த கல்யாணத்துக்குச் சமம் என்று சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். கணவர் பேரில் கடன் போக ஒரு மில்லியன் ராண்ட், மனைவி பேரில் எதுவுமில்லை, நான்கு பிள்ளைகள். பதிவுக் கல்யாணம், ஏ.என்.சி. (சொத்து தனித்தனி என்று கல்யாணத்துக்கு முன் போடும்) ஒப்பந்தம் இல்லை என்றால் பாதி, அதாவது 500,000, முதலிலேயே அவளுடையது. மீதியில் பிள்ளைக்குச் சமமான பங்கு 100,000தான் வரும். ஆனால் சட்டம் குறைந்தது 250,000 தரச் சொல்கிறது. மொத்தம் 750,000. கோவில் கல்யாணம் மட்டும் என்றால் அந்தப் பாதி கிடையாது, 250,000தான். கேஸ் போட்டுப் பார்க்கலாம், நிரூபிக்கிற பாரம் அவள் தலையில்.

அந்த 250,000-க்கும் ஆதாரம் வேண்டும். குருக்கள் அபிடவிட், உறவினர் அபிடவிட், கல்யாணப் பத்திரிகை, போட்டோ. குருக்கள் போய்ச் சேர்ந்திருப்பார். ஆல்பத்தைப் பிரித்தால் பிளாஸ்டிக் தாளோடு மாப்பிள்ளை முகமும் உரிந்து வரும். இதற்கு நடுவில் மூத்த தாரத்துப் பிள்ளை ஒருவன் "இவ எங்கப்பாவோட மனைவியே இல்லை" என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், ஹைகோர்ட்தான்.

பீஸ் பிடுங்கத்தான் கேட்டாளாம்! பீஸ்தான் குறி என்றால் பேசாமல் ஹைகோர்ட் வரை இழுத்திருப்பாளே. அங்கேதானே ஐயா காசு? சர்ட்டிபிகேட் இருந்தால் முடிகிற வேலைக்கு அதைக் கேட்டவளா திருடி?

"முஸ்லிம் கல்யாணத்தை ஏத்துக்கிட்டு 2022-ல் தீர்ப்பு வந்ததே, நமக்கு ஏன் இல்லை?" நல்ல கேள்வி, அரசாங்கத்திடம் கேளுங்கள். அதுவரை இந்தச் சட்டம்தான்.

உண்மையில் கோபப்பட வேண்டியது வேறு இடத்தில். மண்டபத்துக்கு, பூவுக்கு, ட்ரோன் கேமராவுக்கெல்லாம் காசு இருக்கிறது. குருக்கள் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) நியமித்த திருமண அதிகாரியா என்று கேட்க மட்டும் ஆளில்லை. எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரம் கிடையாது. இருக்கிறவரும் இரண்டு சாட்சியோடு பதிவேட்டில் கையெழுத்து வாங்கி ஹோம் அஃபேர்ஸில் சேர்த்தால்தான் பதிவாகும். கையெழுத்துப் போட்ட காகிதம் மேஜை டிராயரிலேயே தூங்கினால் பெண் இன்னும் கன்னிதான், கம்ப்யூட்டரில். மாமியார் "காகிதம் என்னத்துக்கு, நாங்க இல்லையா" என்பார். பிள்ளை செத்த மறுமாசம் அதே மாமியார் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார். அப்போது வாய்ஸ் நோட் போட எவரும் இல்லை.

உயில் எழுதியிருந்தாலும் பாதித் தொல்லை இல்லை. அவள் பெயரைத் தெளிவாக எழுதினால் கல்யாணத்தை யாரும் நோண்ட வேண்டாம். அவளையே சாட்சிக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள், பங்கு போய்விடக்கூடும். இதையும் செய்கிறார்கள்!

எம் என்ற ஆங்கில எழுத்து, பிறகு உங்கள் ஐடி நம்பர், 32551-க்கு எஸ்எம்எஸ். கல்யாணம் ஆனவரா இல்லையா என்று பதில் வரும். இல்லை என்று வந்தால், இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே ஹோம் அஃபேர்ஸுக்குப் போங்கள். ஏ.என்.சி. வேண்டுமென்றால் அதற்கு முன்பே நோட்டரியிடம் கையெழுத்து; பிறகு மாற்ற நினைத்தால் இருவரும் சேர்ந்து ஹைகோர்ட் போக வேண்டும். அங்கேயும் ஒரு லாயர் உங்களிடம் சர்ட்டிபிகேட் கேட்பார்.