“விண்டோஸ் போட்டுக்குங்க” என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தில்தான் பாட்டுப் பதிவு செய்கிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், “அதெல்லாம் வேலைக்காகாதுங்க, விண்டோஸ் போட்டுக்குங்க” என்று பதில் வந்துவிடுகிறது. கடைக்காரர் சொல்கிறார், ஸ்டுடியோக்காரர் சொல்கிறார், கம்பெனியின் உதவி மையமும் அதையேதான் சொல்கிறது. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. எது வேலைக்காகாது?

ஒலிப்பதிவுக்கு ஆர்டோர் என்கிற மென்பொருள் இருக்கிறது. அதே வேலைக்குக் காசுக்கு விற்கும் ரீப்பரும் பிட்விக்கும்கூட லினக்ஸுக்குத் தனிப் பதிப்பே தருகின்றன. லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோவும் ஜாக்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட பழைய தலைவலி, இரண்டின் வேலையையும் செய்யும் பைப்வயர் வந்தபின் பெருமளவு தீர்ந்தது. ஒலி போன்ற அவசர வேலைகளைத் தாமதமின்றி முடிக்க உதவும் நிகழ்நேர வசதி, சுமார் 20 ஆண்டுகள் தனி ஒட்டாக (பேட்ச்) அலைந்து, 2024-ல் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் 6.12 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது.

என் வயிற்றெரிச்சலெல்லாம் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற அந்தச் சின்னப் பெட்டியால்தான். யூ.எஸ்.பி.யில் செருகினால் பதிவாகும், பாடும். ஆனால் மைக் சத்தத்தை கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி இருக்கிறதே, அதைத் திறக்க ஒரு பட்டன்கூடப் பெட்டியில் கிடையாது. அவர்களுடைய ஆப்பில்தான் திறக்க வேண்டும். ஆப் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்.

சரி, கம்ப்யூட்டர் வழியாகவே கேட்கலாம் என்றால், ஒலியைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்துத்தான் கையாளும்; அந்தச் சேமிப்புக்குப் பெயர் பஃபர். செகண்டுக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துணுக்கு) வேகத்தில் 1024 சாம்பிள் பஃபர் வைத்தாலே 21 மில்லி செகண்ட் தாமதம். போய்த் திரும்ப இன்னும் கூடும். 128-க்கு இறக்கினால் 3 மில்லி செகண்டுக்குள் வரும், ஆனால் என் பழைய லேப்டாப் ஈடுகொடுக்க முடியாமல் சத்தம் படபடவென்று வெடிக்கிறது.

எங்கள் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி இரைச்சல் இல்லாத நேரம் பார்த்துத்தான் மைக்கையே திறக்க முடியும். அப்படி ஒரு நேரத்தில் உடுக்கை அடிக்கப் பெரியவர் ஒருவர் வந்தார். இடுப்புக் கயிற்றை அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்குவதில் அவருக்கு இணை கிடையாது. நாலு அடி அடித்தார், நிறுத்தினார். “ஏங்கண்ணு, நா அடிச்ச பொறவு இன்னொருத்தன் அடிக்கறானாட்ட இருக்குது” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தார். நான் பஃபரோடு மல்லுக்கட்டுவதற்குள் பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு அவ்வளவுதான்.

உடுக்கைக்கும் பம்பைக்கும் யாரோ முன்பே பதிந்து விற்கும் ஒலித் தொகுப்பை வாங்கி ஒப்பேற்ற முடியாதுங்க. அடிக்கிற கையைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பதிய வேண்டும். அந்தக் கைகளும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன.

கம்பெனிக்கு எழுதினால், “இந்த இயங்குதளத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை.” ஆப் எழுதிக் கொடு என்றா கேட்டேன்? எந்தக் கட்டளைக்கு எந்த ஸ்விட்ச் திறக்கும் என்று சில பக்கம் வெளியிட்டால் போதுமே! இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றுக்குத் தன்னார்வலர்கள் யூ.எஸ்.பி.யில் போகிற வருகிற செய்திகளை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டு, பெட்டியை லினக்ஸில் இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். அடுத்த மாடல் வந்ததும் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து.

அதையும் தரமாட்டீர்கள் என்றால், “ஆப் இல்லாமல் இந்த வசதி இயங்காது” என்று அட்டையிலாவது பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். காசு கொடுக்கும் முன்னே தெரிந்துகொள்கிறோம்.