ஹாஸ்டல் பசங்க சென்சஸ்ல வேணாமா?

"காலேஜ் ஹாஸ்டல்ல இருக்குறவங்க சென்சஸ்ல பேர் குடுக்காதீங்க, வீட்ல அப்பா அம்மா சொல்லிடுவாங்க"ன்னு ஒரு பார்வர்டு சுத்திட்டு இருக்கு. தப்புங்க.

ஊர்ல ரேஷன் கார்டுல பேர் இருக்குறதுக்கும் சென்சஸுக்கும் சம்பந்தமே இல்ல, கணக்கெடுக்குற சமயத்துல நீங்க எங்க தங்கியிருக்கீங்களோ அங்கதான் உங்கள எண்ணுவாங்க, இந்தியாவுல ஹாஸ்டல், மெஸ், ஜெயில் மாதிரி இடத்தையெல்லாம் தனி வகையாவே வச்சு கணக்கெடுக்குறாங்க. அமெரிக்காவுலயும் காலேஜ் டார்ம்ல இருக்குறவங்க அங்கயேதான், இங்கிலாந்துல 2021ல எடுத்தப்பவும் படிக்கிற ஊர் அட்ரஸ்தான். ஸோ வீட்டுக்கு போன் போட்டு "என் பேர அங்க சேக்காதீங்க, இங்க குடுத்துட்டேன்"னு சொல்லிடுங்க, ரெண்டு தடவ பதிவாகுற பிரச்சனையே வராது.

"டீட்டெயில் போலீஸுக்கு, இன்கம் டேக்ஸுக்கு போகும்"னும் அதுலயே ஒரு வரி சேத்து விட்டிருக்காங்க (பயம் காட்டலைன்னா பார்வர்டே ஆகாது போல). 1948 சென்சஸ் சட்டம் 15வது பிரிவுப்படி உங்க தனிப்பட்ட பதில யாரும் எடுத்துப் பாக்க முடியாது, கோர்ட்ல உங்களுக்கு எதிரா சாட்சியாவும் காட்ட முடியாது, அந்த சட்டத்த மீறுன கேஸ் மட்டும்தான் விதிவிலக்கு.

ஆனா நீங்க விட்டுப்போனா காலேஜ் இருக்குற ஊரோட தலைக்கணக்கு குறையும், பஸ்ஸு, தண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தக் கணக்க வச்சுதான் பிளான் பண்றாங்க.