கழுதை வயசும் கேரம் போர்டும்

நம்ம குடியிருப்புச் சங்கத் தீர்மானத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாச்சு. ராத்திரி எட்டு மணிக்கு நம்ம பிளாக்கில் கேரம் ஆடும் பெரியவர்களைத் தடுக்க வந்த தீர்மானம் அது. அதற்கு மேல் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. "கேரம் போர்டு 14 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும்" என்ற அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. "கழுதை வயசாகியும் விளையாட்டா?" என்று ஒருத்தர் கேட்டதற்கு எத்தனை சிரிப்பு ஸ்மைலி!

ஐயா, பெரியவர்களும் விளையாடலாம். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

முதலில், கேரம் ஒன்றும் கிலுகிலுப்பை இல்லை. முழு அளவுப் போர்டின் ஆடுதளம் 74 செ.மீ. சதுரம். குழி 4.45 செ.மீ., காய் 3 செ.மீ.க்குச் சற்று மேல். மிச்சமிருக்கும் அந்தச் சொற்ப இடைவெளிக்குள் காய் விழ, அடிக்கும் வட்டான 15 கிராம் ஸ்ட்ரைக்கரால் காயின் எந்த ஓரத்தில் தட்டணும் என்று கண் கணக்குப் போடணும். போரிக் பவுடர் ஒரு சிட்டிகை போதும். அள்ளிக் கொட்டினால் ஸ்ட்ரைக்கர் நிற்காமல் வழுக்கும். மழை நாளில் பவுடர் ஈரம் இழுத்துக் கட்டி தட்டி, காய் பாதி வழியில் நிற்கும். ஈரத்துணியால் துடைத்தால் பிளைவுட் உப்பும். காய்ந்த பருத்தித்துணிதான் சரி. ஸ்டாண்டின் ஒரு கால் தாழ்ந்திருந்தால் மெல்லச் சுண்டும் காயெல்லாம் ஒரே பக்கம் வளையும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, அந்தக் காலுக்கடியில் மடித்த அட்டை சொருகணும். இதையெல்லாம் அலுக்காமல் செய்த நாலு பேரைத்தான் "வேலைவெட்டி இல்லாதவங்க" என்று எழுதினீர்கள்.

"ஜிம் இருக்கே, வாக்கிங் போகலாமே?" போகலாம். ஆனால் அது மருந்து, டாக்டர் சொல்லிச் செய்வது. விளையாட்டு வேறு. "மன அழுத்தம் குறையும், ஞாபகசக்தி கூடும்னு மனு கொடுங்க, பரிசீலிப்போம்" என்று ஒரு நல்லவர் சமாதானத்துக்கு வந்தார். வேண்டாம் சார். பிடித்திருக்கிறது, ஆடுகிறோம். மனுவில் அவ்வளவுதான் எழுத முடியும்.

"சத்தம்." சரி, ஒன்பதுக்கு மூடிவிடலாம்.

"சூதாட்டம்." தோற்றவர் டீ வாங்கித் தருவது சூதாட்டம் என்றால், தீபாவளிக்கு மொட்டைமாடியில் மூணு சீட்டு ஆடிய பெருமக்களின் பெயர்களையும் தீர்மானத்தில் சேருங்கள். பட்டியல் வேண்டுமா?

"போன்ல ஆடுங்களேன்." போனில் யாரோடு சண்டை போடுவது? ரெட் என்ற சிவப்புக் காயைக் குழியில் போட்டால் அடுத்த அடிக்குள் தன் காய் ஒன்றையும் போடணும், அதுதான் ஃபாலோ. தவறினால் ரெட் மறுபடி நடுவுக்கு வரும். 25 புள்ளி ஆட்டத்தில் 22 தொட்டவருக்கு ரெட்டின் மூணு புள்ளி கிடையாது. இந்த ஒரு விதிக்காக ரிட்டையரான இரண்டு பேர் அரைமணி நேரம் கத்தினார்கள். கத்திவிட்டு அதே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். சங்கப் பொதுக்குழுவில் கத்திய யாராவது மறுநாள் முகம் பார்த்துப் பேசியதுண்டா?

இத்தனைக்கும் இது நம்ம ஊர் ஆட்டம். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கியதே சென்னையில்தான். இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். அர்ஜுனா விருது வாங்கியவர். கழுதை வயசில் ஆடியதற்கு!

கடைசியாக வந்தது ஒரு கமெண்ட்: "வீட்டுப் பொம்பளைங்க யாராவது இப்படி உக்காந்து ஆடுறாங்களா? ஆம்பளைங்களுக்குத்தான் கொழுப்பு." சென்னை வியாசர்பாடி இளவழகி கேரமில் உலக சாம்பியன் ஆனவர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றார். நம்ம பிளாக்கில் எட்டு மணிக்குப் பெண்கள் யாரும் போர்டுப் பக்கம் வருவதில்லை என்பது உண்மைதான். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் தோசை யார் சுடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து அடுத்த கமெண்டைப் போடுங்கள்.