பேச விட்டால் ஓட மாட்டார்கள்

மாசியில் மூன்றாம் பிறை பார்த்து இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். பேய்க்கரும்பும் வைக்கோலும் வறட்டியும் வைத்துக் கட்டிய கம்பம். அன்றிலிருந்து மதனுக்கும் ரதிக்கும் வேசம் கட்டும் பொடியன்கள் விரதம். தப்பு மேளச் சத்தம் எழும்பினால் மேட்டு லயம், பணிய லயம் என்று வரிசை வீட்டுச் சனமெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காமன் பொட்டலுக்கு வந்துவிடும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரித்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கும் கட்டம் இருக்கிறதே, அதில் அழாத கிழவியை நான் பார்த்ததில்லை. ஆம்பிளைகளும் தலைத்துண்டால் மூக்கைத் துடைப்பார்கள்.

இவ்வளவு ஈரமுள்ள சனம்தான் மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், "அந்தப் புள்ள டவுன் பஸ் ஸ்டாண்டுல எவனோடயோ நின்னு பேசிக்கிட்டு இருந்துச்சாம்" என்று ஆரம்பிக்கிறது. குடம் நிறைவதற்குள் செய்தி தோட்டத்தின் அடுத்த பிரிவுக்கு, அடுத்த டிவிசனுக்குப் போய்விடும்.

நம் சனத்துக்குக் காதல் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிடிக்கும், பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தில் பாதி, நாம் இருக்கும் வீட்டிலிருந்து வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே அறை, அதுதான் காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு, சின்னத் திண்ணை. நடுச்சுவர் கூரையைத் தொடாத லயங்களில் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் இருமல்கூட நம் வீட்டுக்குள்தான் கேட்கும். புதுசாகக் கட்டிக்கொண்டதுகளுக்கும் ஒரு சேலையைக் குறுக்கே கட்டினால் அதுதான் தனியறை. இப்படி ஒட்டி ஒட்டி வாழும் இடத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையின் விசயம் அந்த வீட்டோடு நிற்பதில்லை. அப்பாக்காரன் மலைக்கு வேலைக்குப் போனாலும், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாலும் நாலு பேர் அவனை நிறுத்தி முகத்துக்கு நேரே பேசுவார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் அவன் வீட்டுக்கு வந்து பிள்ளையை அடிக்கிறான். அடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மற்றப் பாதி சாதி. தோட்டத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கொழுந்து எடுக்கும்போதும் திருவிழாவிலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் தெரியாது. கல்யாணப் பேச்சு வந்ததும், "இந்தியாவுல எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கூலிக்கு ஆள் கூட்டி வந்த கங்காணிமார் சொந்தம் பார்த்து, சாதி பார்த்து ஆள் சேர்த்தார்கள். லயங்களையும் அப்படியே பிரித்தார்கள். 2023இல் நம் சனம் இந்தியாவிலிருந்து இங்கே வந்து 200 வருசம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோமே, அந்தக் காட்டுப்பாதையில் பசியாலும் காய்ச்சலாலும் விழுந்து செத்தவர்களை யாராவது சாதி பிரித்து நினைத்தோமா? அங்கே எல்லாரும் நம் ஆட்கள். பிள்ளையின் கல்யாணம் என்றதும் மட்டும் ஏன் திருச்சி, சேலம், புதுக்கோட்டை என்று பிரிகிறோம்? எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

போன வருசம் எங்கள் லயத்தில் ஒரு பிள்ளையின் போனை அவளுடைய மாமா அம்மிக்கல்லில் வைத்து உடைத்தார். கொழும்புக் கடையில் வேலை செய்து, தீபாவளிக்கு வரும்போது தன் சம்பளத்தில் வாங்கிய போன். கண்ணாடித் தூள் அம்மி முழுக்கக் கிடந்தது. அவளுடைய அம்மா அன்றைக்குச் சம்பல் அரைக்க முடியாமல் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். லயத்தின் கடைசியில் இருக்கிற தொங்க வீட்டு அப்பாயி மட்டும் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார்: "ஏன்டா, பேசுனா என்னடா தேயுது? பேசட்டுமே. பேசுனாத்தானே அவன் நல்லவனா கெட்டவனான்னு தெரியும்!" யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் பிள்ளை அந்தப் பொடியனோடு போய்விட்டாள்.

அப்பாயி கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் ஓடுவதற்குக் காதல் காரணம் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரைக்கும், பேசக்கூட வழி இல்லாதபோதுதான் ஓடுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரு வருசம் பேசக் கிடைத்திருந்தால் அவன் குடிப்பானா, கோபக்காரனா, சம்பளக்காசை என்ன செய்கிறான் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். நாம் கொடுப்பது ஒரே ஒரு இரவு. அந்த இரவுக்குள் மொத்த வாழ்க்கையையும் அவள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பதினாறிலும் பதினேழிலும் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதாமல் போகிறதுகள். பதினெட்டு ஆகாமல் பதிவுக் கல்யாணம் கிடையாது, 1995இலிருந்து சட்டம் அப்படித்தான். அப்புறம் குழந்தை பிறந்து, பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயரைப் போடுவதற்கு அலைகிறார்கள்.

சேர்த்து வைத்த கல்யாணத்தில் மட்டும் பேச்சு இருக்கிறதா? 1984இல் போராடி ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் ஒரே நாட்சம்பளம் வாங்கினோம். வீட்டில் அந்தச் சமம் இன்னும் வரவில்லை. அவன் மத்தியானமே வேலை முடித்து வந்து உட்கார்ந்திருப்பான். அவள் பொழுது சாயக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, விறகையும் தலையில் வைத்துக்கொண்டு வந்து அடுப்பு மூட்டுவாள். ஒரு தேத்தண்ணியை அவன் ஊற்றி வைத்தால், அதைக் குடிக்கும் நேரத்திலாவது இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம்.

நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்கிறேன். எங்களுக்கு அடுத்த டிவிசனில் ஓர் அண்ணன், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மகளுக்குப் பழக்கம் என்று தெரிந்ததும் பொடியனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். "ஒளிஞ்சு பேசாதீங்க. இஸ்தோப்புல உக்காந்து பேசுங்க, நான் உள்ளுக்குத்தான் இருப்பேன்" என்றார். ஊர் என்னவெல்லாமோ பேசியது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஏழெட்டு மாதம் அந்தப் பொடியன் வந்து போனான். அப்புறம் ஒரு நாள் மகளே, "அப்பா, இது சரிவராது, அவரு நான் படிக்கிறத விட்டுறச் சொல்றாரு" என்றாள். அவனிடமும் அவளே நேரில் சொன்னாள். அவனும் அழுதுவிட்டுப் போய்விட்டான். போன் உடையவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. அவள் இப்போது ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள்.